பிரிக்காமல் விட்ட வண்டி

அப்பா 2014-இல் இறந்தபோது, சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை என்று மூன்று இருந்தன. கோவை கணபதியில் இருந்த லேத் பட்டறை, வீட்டை ஒட்டிய காலி மனை, 2001-இல் அப்பா வாங்கிய ஹோண்டா சிட்டி கார். பட்டறையை இயந்திரங்களோடு விற்றுப் பணத்தைப் பிரித்தோம். மனையின் குறுக்கே சுவர் எழுப்பினோம். இவை இரண்டும் முடிவதற்குள் எங்களுக்கிடையே பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மூன்றாவதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது அம்மா குறுக்கிட்டார். "வண்டியை விக்கவும் வேண்டாம், ஒருத்தர் பேருக்கு மாத்தவும் வேண்டாம். நான் இருக்கற வரைக்கும் அது பொதுவுல நிக்கட்டும்" என்றார். அப்படித்தான் அந்த வண்டி எங்கள் இருவருக்கும் உரியதாகவும் இருவருக்கும் தனித்து உரிமையில்லாததாகவும் நின்றது.

எங்களில் மூத்தவர் பம்ப் தயாரிக்கும் நிறுவனமொன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். இளையவர் பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியர். இந்தக் கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தியிருக்கிறோம். ஒரு காரின் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் உள்ளங்கையில் அடங்காத ஓர் இரும்புப் பாகத்தைத் தேர்ந்தெடுத்த கதையை இலக்கியம் படிக்கிற நண்பர்கள் எதற்காகப் படிக்க வேண்டும் என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. படித்து முடித்தபின் நண்பர்களே சொல்லட்டும்.

*

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் தலைமுறை சிட்டியின் 1.5 லிட்டர் விடெக் வகை அது. 106 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது பெரிய எண் அல்ல. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களில் இதற்கு ஒரு தனிப் பெயர் இருந்தது. எடை ஏறத்தாழ ஒரு டன். எஞ்சின் அதிகச் சுழற்சிக்கு ஏற ஏறக் குரல் மாறும். ரேலி ஓட்டுநர்கள் இதை விரும்பித் தேர்ந்தார்கள். எஞ்சினின் விசை முழுவதும் முன்சக்கரங்கள் இரண்டுக்கே போகும். அதாவது திருப்புவதும் இழுப்பதும் அதே இரு சக்கரங்கள்தாம்.

கோவைக்காரர்களுக்குப் பந்தயத் தடம் அந்நியமானதல்ல. ஃபார்முலா மாருதி பந்தய வண்டிகளை வடிவமைத்த எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் 1995-இல் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடம். நீண்ட நேர்ப்பாதைகள் குறைவு, இறுக்கமான வளைவுகள் அதிகம். 2017-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வண்டியைக் கொண்டுபோய்ப் பணம் கட்டி ஓட்டிப்பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு இளையவர் வண்டியை எடுத்தார். பொது வண்டி ஆயிற்றே, என்ன செய்கிறானோ என்று மூத்தவரும் கூடப் போனார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு நாங்கள் ஒரே வண்டியில் அருகருகே உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அன்று ஒன்றைக் கவனித்தோம். இரண்டாம் கியரில் இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி முன்னேறுவதில்லை. எஞ்சின் மட்டும் கத்துகிறது. உட்புறச் சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு வீணாகச் சுழல்கிறது. வெளிப்புறச் சக்கரமோ பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு, நல்ல பிடிப்போடு, வேலையின்றி உருள்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினோம். வேறு எதைப் பற்றியும் பேசவில்லை என்பதும் எங்களுக்கு வசதியாக இருந்தது.

*

இங்கே டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது.

ஒரு கார் அரைவட்டமாகத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்றால், கூடுதல் தூரம் ஏறத்தாழ நாலரை மீட்டர். வட்டம் பெரிதோ சிறிதோ, அந்த நாலரை மீட்டர் மாறாது. பள்ளிக் கணக்குத்தான். இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தினால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓனேசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் தம் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு விடை கண்டு காப்புரிமை பெற்றார். நடுவே சிறு பற்சக்கரங்கள் இருக்கும். அவை இரு பக்க ஆக்ஸில்களையும் இணைக்கும். ஒருபக்கம் வேகம் குறைந்தால் அதே அளவு மறுபக்கம் கூடும். இன்றும் உலகின் பெரும்பாலான கார்களில் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

இதில் ஒரு நியாயம் உண்டு. வேகத்தில் இரு சக்கரங்களும் வேறுபடலாம். ஆனால் முறுக்குவிசை இருவருக்கும் எப்போதும் சமபங்கு. கேட்பதற்கு இது நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தச் சமபங்கின் அளவைத் தீர்மானிப்பது பலவீனமான சக்கரம். பாரம் குறைந்து தரைப்பிடிப்பை இழந்த உட்சக்கரத்தால் 200 அலகு விசையைத்தான் தாங்க முடியும் என்றால், 600 அலகு தாங்கக்கூடிய வெளிச்சக்கரத்துக்கும் 200 அலகுதான் கிடைக்கும். எஞ்சின் தரக்கூடிய மிச்சமெல்லாம் உட்சக்கரத்தை வெறுமனே சுழற்றுவதில் கழியும். சேற்றில் ஒரு சக்கரம் மாட்டிய கார் நகராமல் நிற்பதும் இதனால்தான்.

இந்த வழுக்கலுக்கு ஓர் எல்லை கட்டுவதுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். அதில் எதை வாங்குவது என்பதில்தான் நாங்கள் மறுபடியும் பிரிந்தோம்.

*

மூத்தவர் பிளேட் வகையை விரும்பினார். ஒரு கூட்டுக்குள் மெல்லிய உலோகத் தட்டுகள் அடுக்காக இருக்கும். ஒரு தட்டு கூட்டோடும் அடுத்த தட்டு ஆக்ஸிலோடும் சேர்ந்து சுழலும். எஞ்சின் இழுக்கும்போது நடு ஊசி ஒரு சரிவின் மீது ஏறி இரு வளையங்களைப் பக்கவாட்டில் தள்ளும். வளையங்கள் தட்டுகளை நெருக்கும். நெருக்க நெருக்க இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழலத் தலைப்படும். சரிவின் கோணத்தை மாற்றினால் நெருக்கும் அளவு மாறும். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் பூட்டிக்கொள்வது ஒருவழி. காலை எடுத்து வேகம் குறைக்கும்போதும் அதே அளவு பூட்டிக்கொள்வது இருவழி. இடைப்பட்டது ஒன்றரைவழி. இவை தவிர, எந்த விசையும் இல்லாதபோதே தட்டுகளைச் சற்று அழுத்தி வைத்திருக்கும் முன்னழுத்தம் ஒன்றும் உண்டு. எல்லாவற்றையும் அளந்து, மாற்றி, நமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம் என்பது மூத்தவரின் வாதம். அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் வேறெப்படிப் பேசுவார்?

இளையவர் ஹெலிகல் வகையைச் சொன்னார். இதில் தட்டுகள் இல்லை. சாய்வான பற்கள் வெட்டிய பற்சக்கரங்கள் மட்டுமே. விசை ஏறும்போது சாய்வுப் பற்கள் சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளிக் கூட்டின் சுவரோடு உராயவைக்கும். அந்த உராய்வே விசையைப் பிடிப்புள்ள பக்கத்துக்கு அதிகமாகக் கொண்டு செல்லும். உட்சக்கரம் தாங்குவதைப் போல இரண்டரை மடங்கு வரை வெளிச்சக்கரத்துக்குத் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். முன்சொன்ன கணக்கில் உட்சக்கரத்துக்கு 200, வெளிச்சக்கரத்துக்கு 500, மொத்தம் 700. திறந்த டிஃபரன்ஷியலில் 400 மட்டுமே. விசை இல்லாதபோது இது ஏறக்குறையச் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளும். தேய்ந்துபோகும் தட்டுகள் இல்லையாகையால் அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டியதும் இல்லை. பற்சக்கரங்களைக் கொண்டே விசையைப் பகிரும் இக்குடும்பத்தில் புகழ்பெற்றது டோர்சன். அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்றது அது.

ஹெலிகலில் குறையில்லாமல் இல்லை. இது பெருக்கல் கணக்கு. ஒரு சக்கரம் முழுவதும் தரையை விட்டு எழும்பினால் அதன் பிடிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை இரண்டரையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். மூத்தவர் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். "காத்துல ஒரு சக்கரம் தூக்கினா உன் டிஃபரன்ஷியல் கைய விரிச்சிரும்" என்பார். பிளேட் வகையில் முன்னழுத்தம் இருப்பதால் அப்போதும் ஓரளவு விசை மறுபக்கம் போகும் என்பது உண்மை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் வழுக்கும் உட்சக்கரத்தைக் கணினி பிரேக் பிடித்து அடக்குகிறது. அப்படி அடக்கும்போது மறுபக்கம் விசை கிடைக்கிறது. சாலைக்கு அது போதும். பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று இதையே செய்தால் பிரேக் சூடேறும், பேட் தேயும். ஈட்டிய விசையைப் பிரேக்கில் எரிப்பதும் ஒருவகை வீண்தான். எங்கள் வண்டிக்கு அத்தகைய கணினியே இல்லை என்பதால் இதைப் பற்றி நாங்கள் சண்டையிடவில்லை.

பெரிய நிறுவனங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்தோம். ஹோண்டா 1995-இன் இன்டெக்ரா டைப் ஆரிலும் 1997-இன் சிவிக் டைப் ஆரிலும் ஹெலிகல் வகையைப் பொருத்தியது. ஃபோர்டு 2002-இன் ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் பிரிட்டனின் குவைஃப் நிறுவனத்தின் பற்சக்கர வகையைப் பொருத்தியது. அந்தக் கார் ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும் என்று பேர் வாங்கியது. ஓபல் தன் கோர்சா, ஆஸ்ட்ரா கார்களின் ஓபிசி வகைகள் சிலவற்றில் ஜெர்மனியின் டிரெக்ஸ்லர் செய்த பிளேட் வகையைத் தேர்ந்தது. ஆக, இருவருக்கும் சாட்சிகள் கிடைத்தார்கள். சாட்சிகள் கிடைத்துவிட்டால் வழக்கு முடியாது என்பதைப் பாகப்பிரிவினையின்போதே நாங்கள் அறிந்திருந்தோம்.

*

முடிவில் விலைதான் தீர்ப்புச் சொன்னது. புதிய ஹெலிகலை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சுங்கத்தோடு லட்ச ரூபாயை நெருங்கும் என்று தெரிந்தது. அதே சமயம் ஜப்பானிலிருந்து பழைய கியர்பாக்ஸோடு வந்ததாகச் சொல்லப்பட்ட பிளேட் வகை ஒன்று உதிரிபாக வியாபாரி ஒருவரிடம் முப்பத்தெட்டாயிரத்துக்குக் கிடைத்தது. பட்டறை விற்ற பணத்தில் அம்மா பேரில் போட்டிருந்த வைப்புத்தொகையின் வட்டியைத்தான் வண்டிச் செலவுக்கு எடுத்துவந்தோம். மூத்தவர் வாங்கினார். இளையவர் "உங்க இஷ்டம்ணா" என்றார். இந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்பது கூடப்பிறந்தவர்கள் உள்ள எல்லோருக்கும் புரியும்.

2018 ஆகஸ்டில் பொருத்தினோம். பார்க்கிங்கில் ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் முன்பக்கம் கடகடவென்று அதிர்ந்தது. பிளேட் வகையில் இது வழக்கம்தான் என்று மூத்தவர் சமாதானம் சொன்னார். செட்டிபாளையத்தில் வெயிலில், சூடேறிய டயரில், வண்டி வளைவிலிருந்து அம்புபோல் வெளியேறியது. மூத்தவர் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு சிரிப்பைப் பார்த்தோம். இளையவர் அதை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் இருந்தார்.

அந்த நவம்பரில் வால்பாறையில் இருக்கும் பெரியம்மாவுக்கு உடல்நலமில்லை என்று அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூத்தவர் ஓட்டினார், இளையவர் பக்கத்தில், அம்மா பின்னிருக்கையில். இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சினே வேகத்தைப் பிடிக்க, முறையாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தோம். வலப்புறம் திரும்பும் ஒரு வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்தபோது சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. மூக்கு நேராகவே போனது. வேகம் 25 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த வேகத்தில் ஒரு கார் சொன்ன பேச்சைக் கேளாமல் போவதைப் பார்ப்பதற்கு நேரம் நிறைய இருக்கிறது. பிரேக்கை மிதித்தார், பூட்டிக்கொண்டு சறுக்கியது. இளையவர் கைபிரேக்கை இழுத்தார். கைப்பிடிச் சுவருக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம் இருக்கும்போது நின்றது. சுவருக்கு அப்பால் மழையும் வெண்மையும் மட்டும் தெரிந்தன.

யாரும் பேசவில்லை. கீழே வந்து, பொள்ளாச்சி தாண்டி, ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது அம்மா சொன்னார்: "உங்க அப்பா ஓட்டறப்ப இந்த வண்டி வளைவுக்கு வளையும் கண்ணு. இப்ப நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கறாப்பல இருக்குது." அவர் வண்டியை மட்டும் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் வண்டியைப் பொறுத்தவரையில் இயந்திரவியல்படி அவர் சொன்னதில் பாதி சரி. அவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கவில்லை. இரண்டும் விட்டுக்கொடுக்காமல் ஒரே வேகத்தில் நேராகப் போக நின்றன. அதுதான் கோளாறு.

*

மறுவாரம் கியர்பாக்ஸைப் பிரிக்காமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் செய்தோம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தரையில் விட்டு, மற்றொன்றை ஜாக்கியில் தூக்கி, அதன் நடு நட்டில் டார்க் ரெஞ்சை வைத்துத் திருப்பினோம். எந்த அளவில் சக்கரம் அசையத் தொடங்குகிறதோ அதுவே முன்னழுத்தம். 140 நியூட்டன் மீட்டர் வரை அசையவில்லை. சாலையில் ஓடும் முன்சக்கர வண்டிக்கு இது மிக அதிகம். பிறகு அப்பா காலத்து மெக்கானிக்கின் உதவியோடு பிரித்துப் பார்த்தோம். சரிவுகளின் கோணம் இருபுறமும் ஒன்றாக இருந்தது. அதாவது இருவழி. காலை எடுத்து இறங்கும்போதும் முழு வீச்சில் பூட்டிக்கொள்ளும் வகை. ஈரச்சாலையில், இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவில் எது கூடவே கூடாதோ அதுதான். தட்டுகளில் சில நீலம் பாரித்திருந்தன.

வியாபாரியைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பொருத்தும் முன் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் இவை எல்லாவற்றையும் நாங்களே அளந்திருக்கலாம். ஆயிரம் பம்புகளை அளந்து அனுப்பும் மூத்தவர் அளக்கவில்லை. முறுக்குவிசையைக் கரும்பலகையில் எழுதும் இளையவர் அளக்கச் சொல்லவில்லை. சொன்னால் தோற்றவன் புலம்புகிறான் என்று ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். இதை அவர் அன்றிரவு ஒப்புக்கொண்டார். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்த வண்டியில் அந்த மௌனமும் உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் ஒரு கேள்விதான் கேட்டார். "பந்தயத்துக்கு ஒரு நாள் போறீங்க. மத்த நாளெல்லாம் இந்த வண்டில யாருங்க போறது?"

எட்டு மாதமாக எது சிறந்த டிஃபரன்ஷியல் என்று நாங்கள் சண்டையிட்டோம். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. இந்த வண்டி யாருக்காக ஓடுகிறது, எந்தச் சாலையில், யார் கையில் என்பதே கேள்வி. அதை முதலில் வைத்தால் மற்றவை தாமாக வரிசைப்பட்டன.

வண்டி பந்தயத்துக்கு மட்டும் என்றால், ஆண்டுக்கொருமுறை பிரித்துத் தட்டு மாற்ற ஆளும் பணமும் இருந்தால், மேடுகளில் சக்கரம் தூக்கும் மண்பாதையில் ஓடுவதென்றால், ஒருவழி அல்லது ஒன்றரைவழிப் பிளேட் வகையே தக்கது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வண்டி அப்படியன்று. வாரத்தில் ஆறு நாள் மருந்துக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகிறது. முன்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியலும் கியர்களும் ஒரே எண்ணெயில் மிதக்கின்றன என்பதையும் அப்போதுதான் கருத்தில் கொண்டோம். தட்டுகள் தேய்ந்து உதிரும் துகள் கியர்பாக்ஸ் முழுவதும் சுற்றும். தட்டுகளுக்கு உகந்த எண்ணெய் கியர் மாற்றும் வளையங்களுக்கு உகந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஹெலிகலுக்கு வழக்கமான எண்ணெயே போதும்.

பூஜ்யத்தைப் பெருக்கும் குறைக்கும் விடை வண்டியிலேயே இருந்தது. முன்சக்கர வண்டியில் பின்பக்கத்தைச் சற்று விறைப்பாக அமைத்தால் கடும் வளைவில் தரையை விட்டு எழுவது பின்பக்க உட்சக்கரம். முன்பக்கத்து இரண்டும் தரையிலேயே இருக்கும். நாய் காலைத் தூக்குவது போல் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளையும் பந்தயக் கார்களின் படங்களை நண்பர்கள் பார்த்திருக்கக்கூடும். தடத்தின் ஓரக்கட்டையில் ஏறாமல் ஓட்டினால் எங்கள் முன்சக்கரம் காற்றில் எழும் சந்தர்ப்பம் அரிது. இந்த வாதத்தை எழுப்பியவர் மூத்தவர் என்பதை இளையவர் இங்கே பதிவு செய்ய விரும்புகிறார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 106 குதிரைத்திறன் வண்டிக்கு முதலில் தேவைப்பட்டது டிஃபரன்ஷியல் அல்ல. பதினேழு ஆண்டு பழைய சஸ்பென்ஷன் புஷ்கள் கிழிந்திருந்தன. முன்சக்கரங்களின் கோணம் ஒழுங்காக இல்லை. டயர்கள் விலை மலிவானவை. இவற்றை மாற்றிச் சரிசெய்ததிலேயே உட்சக்கரச் சுழற்சி பாதி அடங்கிவிட்டது. யாரேனும் எங்களிடம் யோசனை கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்கிறோம்: டயர், புஷ், சக்கரக் கோணம், அதற்கும் பிறகு மிச்சமிருக்கும் குறைக்கு டிஃபரன்ஷியல்.

*

2019 கோடையில் ஹெலிகல் வந்தது. இம்முறை வைப்புத்தொகையைத் தொடவில்லை. ஆளுக்குப் பாதி போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கியர்பாக்ஸை இறக்கினோம். கிரவுன் வீல் போல்ட்டுகள் இடது மரை. அதை அறியாமல் ஒன்றை மூத்தவர் மேலும் இறுக்கிக்கொண்டிருந்தார். இளையவர் இம்முறை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. புதிய பேரிங் அழுத்தி, ஷிம் மாற்றி மாற்றி வைத்து இடைவெளியை அளந்தோம். ஒருவர் அளந்ததை மற்றவர் மறுபடி அளந்தார். நம்பிக்கையின்மையால் அல்ல. அப்பாவின் பட்டறையில் அப்படித்தான் வழக்கம். இரண்டு கையெழுத்து விழாத வேலை வெளியே போகாது. அவர் இறந்த பிறகு அந்த வழக்கத்தை நாங்கள் மறந்திருந்தோம்.

பலன் எப்படி என்று கேட்டால், செட்டிபாளையத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடிக்குச் சற்று மேல் குறைந்தது. அதில் டயருக்கு எவ்வளவு பங்கு, டிஃபரன்ஷியலுக்கு எவ்வளவு என்று பிரிக்க நாங்கள் முயலவில்லை. வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி வெளியே ஓடாமல் உள்நோக்கி இழுத்துச் செல்கிறது. அதைப் பழக ஒரு நாள் பிடித்தது. மேடுபள்ளமான சாலையில் முழு விசை கொடுத்தால் ஸ்டீரிங் சற்றுப் பிடுங்கும். இரு கையாலும் பிடித்தால் போதும். பார்க்கிங்கில் சத்தமில்லை. காலை எடுத்தால் சாதாரண வண்டிபோல் வளைகிறது.

பதிவைப் புதுப்பிக்கும் ஆண்டு வரும்போதெல்லாம் விற்றுவிடலாமா என்ற பேச்சு எழும், அடங்கும். காலி மனையின் குறுக்கே எழுப்பிய சுவர் இன்னும் இருக்கிறது. அதை இடித்துவிட்டோம் என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும், ஆனால் அது உண்மையல்ல. சமபங்கு என்பது சட்டத்துக்குச் சரி. அன்றன்றைக்கு யாரால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவு ஏற்பதுதான் வீடு ஓட வழி என்பதை நாங்கள் தாமதமாகவே தெரிந்துகொண்டோம். அம்மாவின் மருத்துவச் செலவில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. கணக்குப் புத்தகம் இல்லை.

சென்ற மார்கழியில் பெரியம்மாவைப் பார்க்க மறுபடியும் வால்பாறை போனோம். இறங்கும்போது இளையவர் ஓட்டினார். மழை இல்லை, பனி மட்டும். அந்த வளைவு வந்ததும் மூவரும் பேச்சை நிறுத்தினோம். வண்டி வளைந்தது. அடுத்த பலகை கடந்ததும் அம்மா பின்னாலிருந்து, "ஆழியாத்துல மீன் வறுவல் நல்லா இருக்குமாமே, நிறுத்துங்க" என்றார்.